மார்ஃபின் என்றாலே கடைசி நேரமா?

நம்பிக்கை: “மார்ஃபினா? அது கடைசி நேரத்துக்குக் குடுக்கிற மருந்துல்லா!”

மணியாச்சி, கடம்பூர்ப் பக்கம் புற்றுநோய் வந்த வீடுகளில் இந்தப் பேச்சு இருக்கிறது. டாக்டர் சீட்டில் மார்ஃபின் எழுதிவிட்டால், “கைவிட்டுட்டாக” என்று வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். அது தவறு. மார்ஃபினைத் தொடங்கும் வேளையைத் தீர்மானிப்பது வலியின் கடுமைதான். எத்தனை நாள் மிச்சம் என்ற கணக்குக்கு அதில் இடமில்லை. கதிர்வீச்சு சிகிச்சையில் இருப்பவர்கூட அதைச் சாப்பிட்டு, கட்டி சுருங்கி வலி குறைந்ததும் டாக்டர் சொற்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். ஊசிதான் கேட்கும் என்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு வாய்வழி மருந்தைத்தான் முன்வைத்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம் போல வலியைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே வலி வந்தபிறகு தேடாமல், மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

நம்பிக்கை: “ஒருக்கா குடுத்தா போதைக்கு அடிமையாயிருவாக.”

பல நாள் மார்ஃபின் எடுத்த உடம்பு அதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். அதனால்தான் மெல்லக் குறைக்கிறார்கள். கேடு வருகிறது என்று தெரிந்தும் மனம் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். உடம்பு பழகுவது வேறு, இது வேறு. கடும் புற்றுநோய் வலிக்கு மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும்போது அடிமைத்தனம் அரிதாகவே வருகிறது. அறவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். குடிப்பழக்கம் இருந்தவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. மருந்தோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு தளரும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு மாற வேண்டும். பெரும்பாலோரைப் படுத்துவது மலச்சிக்கல்தான். அதற்குரிய மருந்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நம்பிக்கை: “சர்க்கார் தடை பண்ணுன மருந்து. வச்சிருந்தா போலீஸ் பிடிக்கும்.”

இந்தப் பயம் சும்மா முளைத்ததல்ல. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களைப் பிடிக்க எழுதப்பட்டது. அப்போது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்து ஆண்டு சிறை. மார்ஃபின் வாங்கி வைக்க மருத்துவமனைகள் பல மாநிலங்களில் வெவ்வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமம் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மருத்துவமனைகள் ஒதுங்கின. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு மளமளவென்று சரிந்து 1997-ல் 18 கிலோவுக்கு விழுந்தது. அந்த ஆண்டுகளில் படித்து வந்த மருத்துவர்களில் பலர் ஒரு மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுதிப் பழகாத கை இன்றைக்கும் நடுங்கத்தானே செய்யும்?

இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்கும் அபின் நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கர் வட்டாரங்களில் உழவர்கள் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. அந்த அபின் வெளிநாட்டு நோயாளிகளுக்கு ஏற்றுமதியாக, நம் நோயாளிகளுக்குத் தேவைப்படும் வலி மருந்தில் சுமார் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்று 2017-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. எனக்கு இது ஆறாத கோபம்.

திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2014-ல் சட்டம் திருந்தியது. மார்ஃபின், ஃபென்டானில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறும் அத்தியாவசிய மருந்துகள் என்று அறிவிக்கப்பட்டன. இவற்றை வைத்திருக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் பொறுப்பு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்ற ஒரே இடத்துக்கு வந்தது. டாக்டர் சீட்டோடு தன் வலிக்கு மார்ஃபின் வைத்திருப்பவர் குற்றவாளி அல்ல.

நம்பிக்கை: “அப்படின்னா முதுகுவலிக்கும் இதையே குடுக்கலாமே?”

இங்கேதான் நிதானம் வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் குனிந்தே உட்கார்ந்திருந்த இடுப்பும், பருத்திக்காட்டில் தேய்ந்த முழங்காலும் படுத்தும் பாடு உண்மை. ஆனால் நாள்பட்ட முதுகு, முழங்கால் வலிக்காரர்களை ஓராண்டு கவனித்து 2018-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அபின் வகை மருந்துகள் மற்ற மருந்துகளைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அந்த நாட்டில் இவற்றை அள்ளிக் கொடுத்ததில் உயிர்கள் போயின. பிறகு இவற்றைக் கவனமாக எழுதச் சொல்லி 2016-ல் வந்த வழிகாட்டுதலைக் கடும் விதியாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் பலர் மருந்தைத் திடீரென்று நிறுத்தினார்கள். வலியிலும் தற்கொலை எண்ணத்திலும் நோயாளிகள் தவித்தார்கள். 2019-ல் அங்குள்ள மருந்து ஆணையமே திடீரென நிறுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. 2022-ல் வழிகாட்டுதலும் தளர்ந்தது. நம் ஊரில் அபின் வகை வலி மருந்தான டிரமடால் 2018-லிருந்து கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிடுகிறவர்கள், மெடிக்கலில் கிடைக்கவில்லை என்று அப்படியே விட்டுவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: “கடையில வாங்குற டைக்ளோ ஒண்ணும் செய்யாது.”

செய்யும். கரிசல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்துவிட்டு தினமும் டைக்ளோஃபினாக் போட்டால் சிறுநீரகம் கெடும், இரைப்பை புண்ணாகும். மார்ஃபினுக்கு அஞ்சுகிற வீட்டில் இந்த மாத்திரைக்கு அச்சமே இல்லை.

புற்றுநோய் வலியோடு இருப்பவர் வீட்டார் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது “வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு எங்கே?” என்று கேளுங்கள். நோயாளியால் அலைய முடியாவிட்டால் வீட்டார் வந்து மாத்திரை வாங்க வழி உண்டா என்பதையும் முதல் நாளே விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். மாத்திரையைப் பெட்டியில் பூட்டி வைத்து, மிஞ்சியதை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பல்வலி என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.