சாப்பாடும் படுக்கையும் சம்பளமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சுற்றுலா விசாவில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போகப் போகிறேன். இயற்கை விவசாயப் பண்ணையில் தினம் நாலைந்து மணி நேரம் கூடமாட உதவினால் தங்க இடமும் சாப்பாடும் தருவார்களாம். ஒப்பந்தம், சம்பளம் எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். இதனால் விசாவில் சிக்கல் வருமா?
– வாசகர், கோவை

வழக்கறிஞர் பதில்: சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையே அல்ல என்று பல பயணிகள் நினைக்கிறார்கள். குடிவரவுச் சட்டங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. எது வேலை என்பதற்கு ஒவ்வொரு நாடும் தனி வரையறை வைத்திருக்கிறது. கோவை வாசகர் போகவிருக்கும் இரண்டு நாடுகளுமே இந்தப் பண்ணை ஏற்பாட்டை வெவ்வேறு விதமாகத்தான் பார்க்கின்றன.

நியூசிலாந்தில் கூடாது. அந்நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, ஆதாயத்துக்காகவோ பிரதிபலனுக்காகவோ செய்வது வேலை. பணமாக மதிப்பிடக்கூடிய எல்லாமே பிரதிபலன்தான். தங்குமிடமும் உணவும் அதில் அடக்கம். பகலில் களை பிடுங்கி அதற்கு ஈடாக இரவில் ஒரு படுக்கை கிடைத்தால், வேலை செய்ததாகவே கணக்கு. 2025 ஜனவரி 27 முதல், சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் நாட்டு நிறுவனத்துக்காக அங்கிருந்தபடியே மடிக்கணினியில் வேலை பார்க்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சலுகை பண்ணை வேலைக்குப் பொருந்தாது.

ஆஸ்திரேலியா கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. 600 வகை வருகை விசாவோடு வரும் 8101-ஆம் நிபந்தனை, வேலை செய்யக் கூடாது என்கிறது. வழக்கமாக ஊதியம் கிடைக்கும் எந்தச் செயலும் அங்கே வேலைதான். ஆனாலும் தன்னார்வ உதவிக்கு இடமுண்டு. பயணத்தின் முதன்மை நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும். உணவு, தங்குமிடம், கைச்செலவு தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவர் கூலிக்குச் செய்யக்கூடிய வேலையாகவும் அது இருக்கக் கூடாது.

பலர் மாட்டிக்கொள்வது மூன்றாவது நிபந்தனையில்தான். பழம் பறிப்பது, ஹாஸ்டல் அறைகளைப் பெருக்குவது, வரவேற்பு மேசையில் உட்காருவது எல்லாம் அங்கே கூலி வேலைகள். பிடிபட்டால் விசா ரத்தாகலாம். அதன்பின் மூன்றாண்டு வரை பெரும்பாலான தற்காலிக விசாக்கள் மறுக்கப்படலாம்.

பண்ணைகளையும் பயணிகளையும் இணைக்கும் ‘வூஃப்’ இயக்கத்தை 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கியவர் சூ காப்பர்ட். லண்டன்வாசிகள் வார இறுதியில் வயலுக்குப் போய்வர வழி செய்வதே அன்றைய நோக்கம். விசாப் பேச்சே எழவில்லை. இன்று அதில் உறுப்பினர் ஆவதால் யாருக்கும் வேலை அனுமதி கிடைத்துவிடாது.

விமான நிலையத்திலும் எல்லையிலும் இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. 2025 தொடக்கத்தில் பிரிட்டிஷ் பயணி ஒருவர் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழைய முயன்றார். அங்கே ஒரு குடும்பத்துடன் தங்கி, வீட்டு வேலைகளில் கைகொடுப்பதாக ஏற்பாடு. வேலை விசா வேண்டும் என்று கனடா அவரைத் திருப்பி அனுப்பியது. அமெரிக்க அதிகாரிகள் தடுப்புக் காவலில் வைத்தார்கள். 19 நாட்களுக்குப் பிறகே அவர் ஊர் திரும்ப முடிந்தது.

முறையான வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 462 வகை ‘வேலையும் விடுமுறையும்’ விசா 2024-ல் இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டது. 18 முதல் 30 வயது வரை விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1,000 இடங்கள், குலுக்கல் முறையில் தேர்வு. கல்வித் தகுதியும் ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். வாசகரின் வயது இதற்குப் பொருந்துகிறது. இந்த விசாவில் கூலி வாங்கிக்கொண்டே பண்ணையில் வேலை செய்யலாம். இரண்டாம் ஆண்டு விசாவுக்குக் காட்டும் பண்ணை வேலை சம்பளம் பெற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஓசி உழைப்பு கணக்கில் சேராது.

நியூசிலாந்தில் எப்படியும் ஊர் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குலுக்கலில் பெயர் வராவிட்டால், ஆஸ்திரேலியப் பண்ணைக்காரரிடம் என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன தருவார் என்பதைக் கிளம்புமுன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கி, அதை விசா விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். இமிகிரேஷன் கவுன்ட்டரில் ‘நண்பர் வீட்டுக்குப் போகிறேன்’ என்று மழுப்பினால், வேலை பார்த்த குற்றத்தோடு பொய் சொன்ன குற்றமும் சேரும். பயணக் காப்பீடு உடலுழைப்பின்போது ஏற்படும் காயத்துக்குப் பணம் தருமா என்பதையும் பாலிசியில் பார்த்துவிட வேண்டும். பல பாலிசிகள் தருவதில்லை.