பழைய கார்: பெயர் மாறும் வரை வியாபாரம் முடியவில்லை

கடைக்கு வந்து இறங்கும் மூட்டைகளைப் பில்லோடு ஒத்துப் பார்க்காமல் குடோனில் அடுக்கும் வணிகர் நம்மில் எவரும் இல்லை. ஒரு டின் எண்ணெய் குறைந்தாலும் லாரி டிரைவரிடம் அங்கேயே எழுதி வாங்கி விடுகிறோம். ஆனால் அதே வணிகர் தம் பழைய காரை விற்கும்போது, புரோக்கர் நீட்டும் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். வாங்கும்போதும் இதே கதைதான். பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார், ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கிறார், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800-ம், 1984இல் ஆம்னி வேனும் வந்த பிறகுதான் சிறு வணிகர் வீட்டு வாசலிலும் கார் நிற்கத் தொடங்கியது. காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வரவும், மாலையில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் ஒரே வண்டி உதவியது. மாருதி 800 தயாரிப்பு 2014இலும், ஆம்னி தயாரிப்பு 2019இலும் நின்றுவிட்டன. ஆனாலும் நம்மவர்களில் பலர் வாங்குவது கை மாறி வரும் வண்டிதான். எனவே அந்தக் கை மாற்றத்தை முறையாகச் செய்வது எப்படி என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் யார்?

பணம் கொடுத்தவர், சாவியை வாங்கியவர், வண்டியை ஓட்டுபவர் ஆகிய எவரையும் மோட்டார் வாகனச் சட்டம் முதலில் தேடுவதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளராகக் கொள்கிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகத் தீர்த்து வைத்தது. ஒருவர் தம் காரை 2007இல் விற்றார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிற்று. இப்படிப் பல கைகள் மாறிய பின் 2009இல் அந்தக் கார் விபத்தில் சிக்கி ஓர் உயிர் போயிற்று. ஆர்.சி.யில் அப்போதும் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், கார் யார் யார் கையில் மாறியது என்று தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதன் பொருளை வணிகர்கள் நன்கு சிந்திக்க வேண்டும். நீங்கள் விற்ற காரை யாரோ இன்ஷூரன்ஸ் கட்டாமல் ஓட்டி, ஒரு குடும்பத் தலைவர் மேல் மோதிவிட்டால், இழப்பீடு பல இலட்சங்களில் வரும். காரை விற்று வந்த தொகையைப் போல் பல மடங்கு அது இருக்கலாம். அந்தச் சுமை உங்கள் கடையின் மேலும் வீட்டின் மேலும் வந்து விழும். கடத்தலுக்கோ திருட்டுக்கோ அந்த வண்டி பயன்பட்டால், போலீசார் முதலில் வந்து நிற்பதும் உங்கள் வாசலில்தான்.

விற்பவர் செய்ய வேண்டியவை

1. படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டும் பெயர் மாற்றத்துக்கானவை. இவற்றை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போடவே கூடாது. வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு முன்பின் தெரியாதவரிடம் கொடுப்போமா? இதுவும் அதற்கு ஒப்பானதே.

2. விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவருக்கு 30 நாட்கள். "அவர் மாற்றிக்கொள்வார்" என்று விட்டுவிடாமல் நம் பங்கை நாமே செய்து, ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும்.

3. டெலிவரி நோட் ஒன்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தேதியோடு மணியும் எழுதப்பட வேண்டும். பகல் 11 மணிக்கு வண்டி போய், 12 மணிக்கு ஒரு சிக்னலைத் தாண்டி அபராதம் விழுந்தால், இந்த ஒரு தாள்தான் உங்களுக்குச் சாட்சி. ஆனால் டெலிவரி நோட் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. வாங்குபவரின் அடையாள அட்டை நகல், போட்டோ, போன் நம்பர் ஆகியவற்றை வாங்கி வையுங்கள்.

5. கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டாக் உங்கள் கணக்கோடு சேர்ந்தது. அதை மூடாமல் வண்டியைக் கொடுத்தால், அவர் போகும் ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் உங்கள் பணம் போகும்.

6. கார் வியாபாரியிடம் விற்பதாக இருந்தால் அவருக்கு அதிகாரச் சான்று உண்டா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, பழைய வாகன வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அதிகாரச் சான்று பெற வேண்டும். அத்தகைய வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29-சி மூலம் தெரிவித்துவிட்டால், வண்டி அவர் வசம் இருக்கும் காலத்துக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்தவருக்கு விற்கும் வரை பொறுப்பு அவருடையது. விற்கும் வணிகருக்கு இது பெரிய பாதுகாப்பு. பலர் இதை அறியாமல் பழைய வழக்கப்படி வெற்றுப் படிவத்தையே கொடுத்து வருகிறார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, பெயர் மாறிவிட்டதா என உறுதி செய்துகொள்ளுங்கள். மாறவில்லை என்றால் உடனே வாங்கியவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, போக்குவரத்து அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய காகிதங்கள்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைக் கேளுங்கள். விற்பதாகச் சொல்பவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒருவரேதானா? "இவர் எங்கள் மாமா, வெளியூரில் இருக்கிறார்" என்றால், மாமா வரும் வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் அடைந்ததற்கான தடையில்லாச் சான்றும், அந்த நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். கடன் கட்டி முடித்துவிட்டேன் என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆர்.சி.யில் இருந்து அந்தப் பதிவு நீங்கினால்தான் வண்டி முழுவதும் நம்முடையது.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு எஃப்.சி. காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆகவே 14 ஆண்டு ஆன வண்டி மலிவாகக் கிடைத்தால், அடுத்த ஆண்டுச் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

புதுச்சேரி, கேரளா, கர்நாடகா பதிவு வண்டி என்றால் அந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று அவசியம். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். சாலை வரியும் இங்கே கட்ட வேண்டி வரும். முதலில் குறைவாகத் தெரிந்த விலை, வரியைச் சேர்த்தால் உள்ளூர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களையும் இணையத்தில் பார்த்துவிட்டு, அவற்றை விற்பவரையே கட்டச் சொல்லுங்கள்.

காலமான தந்தையார் பெயரிலேயே கார் ஓடிக்கொண்டிருக்கும் கடைகளும் உண்டு. அதற்குப் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசுகள் பெயர் மாற்றாமல் விற்க முன்வந்தால் வாங்காதீர்கள்.

பிறகு வண்டியைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எண் பதித்த இடம் தேய்க்கப்பட்டோ வெல்டிங் செய்யப்பட்டோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

கதவு, பானெட் இடைவெளிகள் இருபக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா? கதவு ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் தெறித்திருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சைலன்சரில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. மீட்டர் 30,000 என்று காட்டும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழப்பாகி இருந்தால் நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி மூழ்கியவற்றைக் கழுவித் துடைத்துத் தொலைவான ஊர்களில் விற்பதும் உண்டு. தரை விரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, மூடி வைத்த காருக்குள் முடைநாற்றம் ஆகியவை அடையாளங்கள். வெள்ளம் புகுந்த வண்டியில் மின் வயர்கள் ஒவ்வொன்றாகக் கெடும், செலவுக்கு முடிவே இராது.

இன்ஷூரன்ஸ்

வண்டியோடு மூன்றாம் நபர் பாதுகாப்பு வாங்குபவருக்குத் தானாகச் சேரும். ஆனால் நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி அல்ல. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் இடித்துக்கொண்டால் பழுதுச் செலவு கிடைக்காமல் போகலாம்.

"நோ கிளெயிம் போனஸ்" என்பது வண்டிக்குரியது அல்ல, மனிதருக்குரியது. ஐந்தாண்டு கிளெயிம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் வரை தள்ளுபடி சேர்ந்திருக்கும். விற்பவர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் அதற்கான சான்றிதழ் வாங்கி வைத்தால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். கேட்டு வாங்காதவருக்கு அது வீண்.

பணமும் வரியும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கார் விற்ற பணத்துக்கும் அளவு உண்டு. 2017 ஏப்ரல் முதல், ஒரு வியாபாரத்துக்காக 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை முழுவதற்கும் சமமான அபராதம் வாங்கியவருக்கு வரலாம். 1 இலட்சம் இன்று, 1 இலட்சம் நாளை என்று பிரித்து வாங்குவதும் தப்பிக்கும் வழி அல்ல. வங்கி மூலம் கொடுங்கள், வாங்குங்கள். அதுவும் ஆர்.சி.யில் உள்ளவரின் கணக்குக்கே போக வேண்டும், புரோக்கர் கணக்குக்கு அல்ல.

கடைக் கணக்கில் காரைக் காட்டித் தேய்மானம் எடுத்து வரும், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காரை விற்கும்போது ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் முழு விலைக்கு அல்ல. காரை வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்தால், தேய்மானம் போக மீதி மதிப்பைவிட எவ்வளவு கூடுதலாக விற்றோமோ, அதற்கு மட்டுமே வரி. 2025 ஜனவரியில் இருந்து இது 18 சதவீதம்.

ஓர் உதாரணம்: 6,00,000 ரூபாய்க்கு வாங்கிய காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் 4 ஆண்டுகள் தேய்மானம் எடுத்தால், மீதி மதிப்பு 3,13,204 ரூபாய். அதை 3,50,000-க்கு விற்றால் வித்தியாசம் 36,796. அதற்கு 18 சதவீதம் 6,623 ரூபாய். 3,00,000-க்கு விற்றால் வித்தியாசம் இல்லை, வரியும் இல்லை. கடைக் கணக்கில் சேராத சொந்தக் காருக்கு இந்தப் பேச்சே இல்லை. எந்தக் கணக்கில் கார் இருக்கிறது என்பதை விற்கும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறைவாக

பாக்கி வைத்த வாடிக்கையாளரின் பெயரைப் பேரேட்டில் அடிக்கும் வரை அந்தக் கணக்கு திறந்தே இருக்கிறது. காரும் அப்படித்தான். ஆர்.சி.யின் நகல், நிரப்பிக் கையெழுத்திட்ட படிவங்களின் நகல், டெலிவரி நோட், வாங்கியவரின் அடையாள நகல், வங்கி ரசீது, பெயர் மாறியதற்கான தாள் ஆகிய ஆறையும் ஒரே உறையில் போட்டுக் கடைப் பெட்டியில் வையுங்கள். கார் போன பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சம்மன் வந்தாலும் அந்த உறை உங்களுக்குத் துணை நிற்கும்.