பனித் தண்ணீரில் பொன் தேடுபவர்கள்

கேள்வி: அலாஸ்கா போன்ற இடங்களில் குளிர்ந்த தண்ணீரில் தங்கம் எடுப்பவர்கள் விறைத்துப் போகாமல் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?

பதில்: காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகப் பறித்துவிடும். முதலில் மரத்துப்போவது விரல்கள்தான். மணலை அலசும் தட்டைச் சுழற்றவே கை வராது.

1896-ல் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் கண்டவுடன் திரண்டவர்கள், குளிர்காலத்தில் தண்ணீரை நம்பவில்லை. உறைந்த தரைமேல் விறகை எரித்து, இளகிய மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக் குவித்தார்கள். பனி உருகி ஓடை ஓடத் தொடங்கியதும் அந்தக் குவியலை அலசினார்கள். பொறுமையான, அருமையான யுக்தி!

இன்று அலாஸ்காவின் நோம் கடலோரத்தில் பனிக்கட்டியில் துளை போட்டே முக்குளிக்கிறார்கள். மேலே சூடாக்கிய தண்ணீர் குழாய் வழியே அவர்களுடைய ரப்பர் உடைக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அது நின்றால் வேலையை விட்டு மேலேறியே ஆக வேண்டும்.

ஆற்றங்கரையில் தட்டோடு நிற்பவருக்குப் பருத்தி உடை ஆகாது, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். குளிருக்கு இதமென்று சாராயம் குடிப்பது பெரிய தவறு. தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் சூடும் வெளியேறிவிடும். குளிரில் ஒருவருக்குப் பேச்சு குழறத் தொடங்கினால் உடனே கரையேற்றி, ஈர உடையைக் களைந்து, போர்வையால் சுற்றி, மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும்.