ஆசிரியர் பயிற்சியும் தன்பால் ஈர்ப்பும்

நம்முள் சிலர் பட்டம் பெற்றபின் பி.எட். பயிலச் செல்வர். ஸ்ரீ சிட்டியில் படிக்கும் நமக்குத் திருப்பதியும் அணித்து, சென்னையும் அணித்து. எங்குப் பயின்றாலும் ஈராண்டுப் பயிற்சியில் ஏறத்தாழ 20 வாரம் பள்ளியில் கழியும். அந்த வகுப்பறையில், தன் நெஞ்சம் தன் பாலினரையே நாடுவதை எவரிடமும் சொல்ல இயலாத பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக் கூடும். பயிற்சி ஆசிரியர் உதிர்க்கும் ஒரு கேலிச் சொல், அப்பிள்ளையைப் பள்ளியை விட்டே ஓட்டிவிடும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த பாடத்திட்டத்தில் 'பாலினம், பள்ளி, சமுதாயம்' என்றொரு தாள் உண்டு. அதுவும் அரைத்தாள்! தாளைப் படித்தவுடன் மனம் மாறிவிடுமோ? அமெரிக்க உளநூல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில் வேறு வழி காட்டினார். வெறுக்கப்படுவோருடன் நிகராக நின்று பழகவேண்டும். மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். அப்போது காழ்ப்புக் குறையும் என்றார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கொரு சான்று உண்டு. 2021-இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் விரும்பியவர்கள், காவல் துறையின் தொல்லையிலிருந்து காப்புக் கோரினர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார்? இப்பொருளில் தமக்கே போதிய தெளிவில்லை என ஆணையில் எழுதினார். உளவியல் வல்லுநர் ஒருவரிடம் பாடம் கேட்டார். நீதிபதியே மாணாக்கராய் அமர்ந்தார் எனில், நேற்றுப் பட்டம் வாங்கிய நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? 7-6-2021 அன்று, தன்பால் ஈர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சியைத் தடுத்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வாயிலாகப் பெற்றோர்க்கு விளக்கவும் வழி கூறினார். மாற்றுவதற்கு இது நோயும் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. குற்றமும் அன்றென 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் மேலிடத்து ஆதரவு? அதே 2021-இல், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்க்கெனக் கையேடு ஒன்றை என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மறுப்புத் தெரிவிக்கவே, சில நாளில் அது இணையத்திலிருந்து மறைந்தது! நீதிபதி இதனைக் கடிந்தார். கையேட்டில் குறை கண்டால் திருத்தலாம். ஆசிரியரின் கையிலிருந்தே பறிப்பது எந்த நியாயம்?

இன்னொன்று. திருநரையும் தன்பால் ஈர்ப்பினரையும் ஒன்றெனக் கருதுவார் நம்மிடையே மிகப் பலர். தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது வேறு. யாரை நாடுகிறோம் என்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் இழிவற்ற சொல் வேண்டுமென நீதிமன்றம் வற்புறுத்தியது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சொற்றொகுதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையினர்' என்ற சொல் அதில் உண்டு. அந்த அரைத்தாளைப் பயிற்றுவோர் முதல் வகுப்பில் இத்தொகுதியையே பாடமாக வைக்கலாம்.