வட்டியில் வெட்டிய காசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எங்கள் சல்லிக் கிராமத்தில் ஒரு அரசாங்கப் படிவம் வந்தால் ஆட்கள் யாரிடம் போவார்கள்? கிராம உத்தியோகத்தரிடம், கொமினிகேஷன் கடைக்கு, இல்லாவிட்டால் உயர்தரம் முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம். இந்தப் பத்தி அவர்களுக்காகவே. அவர்கள் சரியாகச் சொன்னால் ஏழைக் குடும்பத்தின் காசு மிஞ்சும்.

“எங்களுக்கு ஏது வருமான வரி? அது பெரிய ஆட்களுக்கு.”

பாதி உண்மை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது. கரைவலை இழுத்துப் பங்குக் காசு வாங்குகிறவர் அந்த எல்லைக்குக் கிட்டவும் போகமாட்டார். ஆனால் அதே நாளில்தான் வங்கி வட்டியில் பிடிக்கிற வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது. வைத்திருப்பவர் ஏழையா பணக்காரரா என்று வங்கி தானாக விசாரிப்பதில்லை.

மகன் மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய 5 இலட்சத்தை ஒரு தாய் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார் என்று வைப்போம். வட்டி 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40,000 ரூபாய். அதில் 4,000 வரியாகப் போகிறது. சட்டப்படி அவர் ஒரு சதமும் கட்ட வேண்டியவர் இல்லை. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகிற காசு அது.

இதைத் தடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. எல்லா வருமானமும் சேர்ந்து 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வைப்பாளர் வங்கியில் சுயபிரகடனம் ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கமாட்டார்கள். கொடுக்காதவரிடம் பிடிப்பார்கள். ஒருமுறை கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது.

“டின் இலக்கம் எடுத்தால் வரி கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.”

எங்கள் பக்கம் ஆட்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்பது ஒன்பது இலக்கப் பதிவு எண், அவ்வளவுதான். வரி வருமானத்துக்குத்தான், எண்ணுக்கு அல்ல. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையதளத்தில் அடையாள அட்டையை வைத்து இலவசமாகவே எடுக்கலாம். படிவம் நிரப்பித் தருகிறவர் தன் உழைப்புக்குக் கூலி வாங்கட்டும். “டின்னுக்கு அரசாங்கக் கட்டணம்” என்று கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம்.

“டின் எடுத்தால் அஸ்வெசுமவை வெட்டிவிடுவார்கள்.”

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு ஆட்களைத் தெரிவுசெய்வது 22 குறிகாட்டிகளை வைத்து. பிள்ளைகளின் படிப்பு, நீண்டகால நோய், மின்சாரப் பாவனை, வீட்டின் நிலை போன்றவை அவை. டின் இலக்கம் அதில் இல்லை. சந்தேகம் இருந்தால் 1924 இல் நலன்புரி நன்மைகள் சபையைக் கேட்கலாம். வரிக் கேள்விக்கு 1944.

“பிடித்த காசு போனது போனதுதான்.”

போகவில்லை. வரி ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. வருமான அறிக்கையை நவம்பர் 30 க்குள் கொடுத்து, கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். இது சுலபம் என்று சொல்லி ஆசை காட்டமாட்டேன். அறுபது வயதைக் கடந்தவருக்கு அந்த அறிக்கை ஒரு மலை. ஆகவே சுயபிரகடனத்தை நேரத்தோடு கொடுத்து வரியைப் பிடிக்கவிடாமல் செய்வதே மேல்.

உதவுகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். இறைவரித் திணைக்கள இணையதளத்தில் அவர்களுக்குக் கணக்கைத் திறக்கும்போது உங்கள் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் நீங்கள் கொழும்பில் இருப்பீர்கள், கடவுச்சொல் உங்களோடு போயிருக்கும். அந்த வீட்டின் எண்ணைப் போட்டு, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். அடுத்தது, வட்டியும் பிடித்த வரியும் எவ்வளவு என்று காட்டும் சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்க நேர்ந்தால் முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.