பூவைப் பிரித்துப் பார்ப்போம், வாங்க!



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடித்தபிறகு ஒரு அக்கா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த துவரைப் பூக்களை என் முன்னால் கொட்டினார். "மேடம், பூவெல்லாம் இப்படிக் கொட்டுது. சங்கத்துல வாங்கின கடனை இந்தத் துவரையை நம்பித்தான் கட்டணும். கடையில ரெண்டு மருந்து வாங்கி அடிக்கச் சொல்றாங்க. அடிக்கட்டுமா?"

நான் படித்தது சமூகப்பணி. எனக்கு உடனே பதில் தெரியவில்லை. வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டபோது, "முதல்ல விழுந்த பூவைப் பிரிச்சுப் பாருங்க" என்றார். அவரிடம் கற்றதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

பூவின் பாகங்கள்

துவரைப் பூ சிறியது. பழகுவதற்கு அகத்திப் பூ நல்லது. ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. புல்லி வட்டம்: காம்பை ஒட்டி இருக்கும் பச்சைக் கிண்ணம். மொட்டாக இருக்கும்போது பூவைக் காப்பது இதுதான்.

2. கொடி இதழ்: எல்லாவற்றிலும் பெரிய இதழ். ஒன்றே ஒன்று. இங்கே கொடி என்றால் படருகிற கொடி இல்லை, கம்பத்தில் ஏற்றுகிற கொடி.

3. சிறகு இதழ்கள்: இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

4. படகு இதழ்கள்: இரண்டு இதழ்கள் அடிப்பக்கம் சேர்ந்து படகு மாதிரி இருக்கும்.

5. மகரந்தத் தாள்கள்: படகுக்குள்ளே மொத்தம் 10. அதில் 9 ஒரே கற்றையாக ஒட்டியிருக்கும், 1 மட்டும் தனியாக நிற்கும்.

6. சூலகம்: அந்தக் கற்றைக்கு நடுவே இருக்கும் பச்சை நூல். இதுதான் நாளைக்குக் காய். இதற்குள் இருக்கும் சூல்கள்தான் விதைகள்.

அகத்திப் பூ சமைக்கும்போது, கசக்கும் என்று நடுநரம்பைக் கிள்ளி எறிவோமே, அது இந்த மகரந்தத் தாளும் சூலகமும்தான்!

துவரை, உளுந்து, தட்டைப்பயறு, அவரை எல்லாவற்றிலும் இதே பாகங்கள்தான். பார்க்க வண்ணத்துப்பூச்சி போல இருப்பதால் இந்தக் குடும்பத்துக்குப் பாப்பிலியோனேசி என்று பழைய பெயர். சங்குப்பூவும் இதில் சேர்ந்ததுதான். ஆனால் அது தலைகீழாகப் பூக்கும், பெரிய கொடி இதழ் கீழே இருக்கும்.

படகு ஏன் மூடியிருக்கிறது?

மகரந்தமும் சூலகமும் ஒரே படகுக்குள் இருப்பதால், உளுந்து, பாசிப்பயறு போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். துவரையும் தானே காய்க்கும். ஆனாலும் தேனீக்கள் வந்து இதழை அழுத்தும்போது படகு திறந்து, ஒரு செடியின் மகரந்தம் இன்னொன்றுக்குப் போகும். அதனால்தான் இரண்டு ரகத் துவரையைப் பக்கத்தில் போட்டால் விதை கலந்துவிடுகிறது.

மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடியில் ஆராய்ச்சி செய்தார். மொட்டிலேயே படகைப் பிரித்து, மகரந்தத் தாள்களை எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினார். 1866-ல் அவர் வெளியிட்ட முடிவுகள்தான் இன்றைய பரம்பரை இயல் பாடத்துக்கு அடிப்படை.

விழுந்த பூ என்ன சொல்கிறது?

* வாடிய இதழ் மட்டும் விழுந்து, செடியில் சின்னப் பச்சைக் காய் நின்றால் கவலை வேண்டாம். காய் பிடித்துவிட்டது.

* பூ காம்போடு விழுந்து, உள்ளே ஓட்டையோ புழுவோ இல்லை என்றால், அது பூ உதிர்தல். துவரையில் பூக்கிற பூவில் பெரும்பகுதி தானாகவே உதிர்வது இயல்பு. வறட்சி வந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ இன்னும் அதிகமாகும்.

* படகில் ஓட்டை, உள்ளே புழு அல்லது அதன் எச்சம், பூக்களைச் சேர்த்துப் பின்னிய நூலாம்படை இருந்தால், அது காய்ப்புழு. இதற்குத்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வகைக்குப் பூச்சி மருந்து அடித்தால் காசும் போகும், தேனீயும் போகும். ஈரம் குறையாமல் பார்ப்பதும், பூக்கும் சமயத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதும்தான் பயறு வகைகளுக்குச் சொல்லப்படும் வழி. லிட்டருக்கு 20 கிராம் என்று கணக்கு. முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி மாலையில் தெளிக்க வேண்டும். புழு இருந்தால் பூவையே எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகம் போங்கள். எந்த மருந்தானாலும் காலையில் தேனீ வரும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

அந்த அக்கா கொண்டுவந்ததில் இருபது பூவைக் குழுவாக உட்கார்ந்து பிரித்தோம். இரண்டில் மட்டும்தான் ஓட்டை. மற்றதில் சூலகம் முழுசாக இருந்தது. மழை இல்லாமல் நிலம் காய்ந்திருந்தது. மருந்து வாங்கவில்லை, ஒரு தண்ணீர் பாய்ச்சினார். மகசூல் எவ்வளவு என்று அறுவடையில்தான் தெரியும். ஆனால் மருந்துக்கு இன்னொரு கடன் வாங்காமல் தப்பித்தார்.

குழுவில் செய்து பார்க்க

1. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பயறுப் பூ கொண்டு வாருங்கள். ஆறு பாகங்களையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள்.

2. உங்கள் வயலில் விழுந்த பூ இருபது எடுத்து, எத்தனை எந்த வகை என்று எண்ணித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

3. ஆவாரம்பூவையும் பிரித்துப் பாருங்கள். அதுவும் தட்டையான காய் காய்க்கிறது. ஆனால் பூவில் கொடியும் படகும் இருக்கிறதா? பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.