ஊருக்குள் ஒரு செய்திக் களஞ்சியம்

‘சர்வர்’ என்றவுடன் பெருநகரத்துக் கட்டடங்களே நம் நினைவுக்கு வருகின்றன. கேட்போருக்குக் கேட்ட செய்தியை எடுத்து வழங்கும் கணிப்பொறி எதுவாயினும் அது சர்வரே. 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான, உள்ளங்கையளவேயான ‘ராஸ்பெரி பை’ கணிப்பொறியும் இப்பணியைச் செய்யவல்லது.

பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டுக் கரையூர்களுக்கு இதனால் யாது பயன்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்தபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுபட்டன. அத்தகைய வேளையில் வெளியூரிலுள்ள சர்வர் நமக்குக் கிட்டாது. நம் ஊரிலுள்ளதே கைகொடுக்கும்.

புதுச்சேரி இதற்கு நல்ல முன்னுதாரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மக்கள் தங்கள் மையத்து ஒலிபெருக்கியில் முழங்கி, ஊரை வெளியேற்றி உயிர் பிழைத்தனர். கருவி ஊரார் கைக்கெட்டும் இடத்தில் இருந்தமையே அன்று உதவிற்று.

இதனை அமைக்கும் முறை எளிது. வெள்ளம் ஏறாத உயரத்தில், உப்புக்காற்று நேரே படாத அறையில் கணிப்பொறியையும் வைஃபை ரவுட்டரையும் பொருத்துக. மின்சாரம் திடீரென நின்றால் நினைவட்டை பழுதுறக்கூடும். ஆதலால் பேட்டரி இன்றியமையாதது. சூரிய மின்தகடு இருப்பின் மிக நன்று. இணையம் இல்லாவிடினும் அருகிலுள்ளோர் தம் கைபேசியில் செய்திகளைப் படிக்கலாம்.

வலையிடும் முறையைப் பங்கிடும் ‘பாடு’ப் பட்டியல், கிராமசபைத் தீர்மானங்கள், புயல் பாதுகாப்பிடங்கள், படகு பழுதுபார்க்கும் குறிப்புகள் ஆகியவற்றை இதில் சேமிக்கலாம். ‘கிவிக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியாவையும் மாணவர் இணையமின்றிப் படிக்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்களை மட்டும் பொதுவில் வைத்தலாகாது.

ஒன்றை மறத்தல் கூடாது. இணையம் அறுந்தபின் புதிய வானிலை எச்சரிக்கை சர்வருக்கு வாராது. எனவே வானொலிப்பெட்டியும் ஒலிபெருக்கியும் உடனிருத்தல் வேண்டும். வாரந்தோறும் ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வைத்தலும் அவசியம். கருவியைப் பேண ஊர் இளைஞர் இருவரைப் பழக்குக. ஒருவர் கடலுக்குச் சென்றாலும் மற்றவர் கரையில் இருப்பார்.